துப்பாக்கி உரிமைக்காக மாநிலம் மாறுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், கலிஃபோர்னியா பக்கமிருந்து டெக்சாஸுக்குக் குடிவரும் நம் ஆட்கள் பலருக்கு வார இறுதிகளில் ரேஞ்சில் சுடக் கற்றுக்கொடுக்கிறேன். வேலை, வீட்டு விலை, மாநில வருமான வரி கிடையாது என்று வந்ததற்குப் பல காரணம் சொல்வார்கள். சிலர் மட்டும், தற்காப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்க அங்கே அலைந்து அலுத்துப்போய்த்தான் வந்தோம் என்று நேரடியாகவே சொல்வார்கள். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். 2022 ஜூனில், தனக்கென்று தனித் தேவை இருப்பதை நிரூபித்தால்தான் கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லப் பெர்மிட் என்ற நியூயார்க் விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூவன் வழக்கில் ரத்து செய்தது. அதன் பிறகும் மாநிலத்துக்கு மாநிலம் மலையளவு வித்தியாசம் இருக்கிறது.

ஆனால் வந்து இறங்குகிறவர்கள் ஒரே மாதிரி தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். துப்பாக்கியைப் பூட்டி வை, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. மாநில எல்லையைத் தாண்டினால் மாறுவது மாநிலச் சட்டம் மட்டும்தான். மத்திய அரசின் சட்டம் உங்களோடு கூடவே வருகிறது. பழைய மாநிலத்துக்கும் புதிய மாநிலத்துக்கும் நடுவில் ஒரு நெடுஞ்சாலைப் பயணமும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டில்தான்.

விசாவை மறந்துவிட்டு மாநிலத்தைத் தேடுவது

எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. டெக்சாஸ், அரிசோனா, அலாஸ்கா என்று எங்கே போனாலும் இதுதான் நிலை. 1997 பிப்ரவரியில், சுற்றுலா வந்த ஒருவர் ஃபுளோரிடாவில் துப்பாக்கி வாங்கி, நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல்தளத்தில் சுட்டார். அடுத்த ஆண்டு இந்தத் தடை வந்தது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் ஒரு விதிவிலக்கு உண்டு. அதை நம்பி இறங்குவதற்கு முன் குடிவரவுச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் சேர்த்துத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். தடையை மீறினால் 15 ஆண்டு வரை சிறை, அதற்குப் பிறகு விசா என்ற பேச்சே இருக்காது.

கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். அதற்காக அசட்டையாக இருந்துவிட முடியாது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றவரை நாடு கடத்தக் குடிவரவுச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. ஒரு குடிமகனுக்கு அபராதத்தோடு முடிகிற விஷயம் நமக்குக் குடும்பத்தையே பெயர்த்துவிடும்.

இன்னொன்றும் அடிக்கடி காதில் விழுகிறது. "மனைவி சிட்டிசன்தானே, அவள் பேரில் வாங்கிக்கிட்டா போச்சு." எனக்காக இன்னொருவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வாங்குவது தனிக் குற்றம். 2022-க்குப் பிறகு அதற்கும் 15 ஆண்டு வரை சிறை.

பழைய பெயரை நம்பி மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பது

வெர்மான்ட் எப்போதுமே பெர்மிட் கேட்காத மாநிலம். அந்தப் பெயரை நம்பிப் போனவர்களுக்கு 2018-இல் மேகசின் (துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூடு) அளவுக் கட்டுப்பாடு வந்தது. நீளத் துப்பாக்கிக்கு 10 தோட்டா, கைத்துப்பாக்கிக்கு 15. கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ஃபில் ஸ்காட். 2023-இல் வாங்குவதற்கு 72 மணி நேரக் காத்திருப்பும் சேர்ந்தது. மலையும் மேய்ச்சல் நிலமுமான கொலராடோவில் 2013 ஜூலையிலிருந்தே 15 தோட்டாவுக்கு மேல் போகும் மேகசின் விற்க முடியாது. உள்ளூர் நகராட்சிகள் தனி விதி போடக்கூடாது என்றிருந்த பாதுகாப்பையும் 2021-இல் தளர்த்திவிட்டார்கள். வாஷிங்டன் மாநிலம் 2023-இல் ஏஆர்-15 வகை ரைஃபிள்களின் விற்பனையையே நிறுத்தியது.

வீடு வாங்கி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகு மறுபடி மூட்டை கட்ட முடியாது. இன்றைய சட்டத்தைப் படிப்பதோடு, கடந்த மூன்று நான்கு சட்டமன்றக் கூட்டத்தொடர்களில் அந்த மாநிலம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள்.

வழியில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது

எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

பாஸ்டன் பக்கமிருந்து டாலஸுக்கு வேலை மாறி வந்த ஒரு தம்பி. கிரீன் கார்டு இருக்கிறது. மாசசூசெட்ஸில் முறைப்படி லைசென்ஸ் எடுத்து வாங்கிய கைத்துப்பாக்கியும் இருக்கிறது. குடும்பத்தோடு மினிவேனில் கிளம்பியிருக்கிறார். நியூஜெர்சி எடிசனில் சித்தப்பா வீட்டில் இரண்டு நாள் தங்கல், பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் ஒரு அர்ச்சனை, அப்புறம் தெற்கே பயணம். ஒரு பிரச்சினையும் இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டார். அதனால் அதில் தப்பே இல்லை என்று நம்பிக்கொண்டு, ரேஞ்சில் மற்றவர்களுக்கும் அதே வழியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மத்திய சட்டத்துல பாதுகாப்பு இருக்கே. லோடு பண்ணாம பூட்டி வெச்சா எந்த ஸ்டேட் வழியாவும் போலாமே."

அவர் சொல்வது 1986-இல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம். அது என்ன சொல்கிறது என்று முழுதாகப் படித்தவர்கள் குறைவு. கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். தோட்டா நிரப்பியிருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டக் கூடாது. காருக்குத் தனி டிக்கி இருந்தால் அதில் வைக்கலாம். மினிவேனிலும் எஸ்யூவியிலும் தனி டிக்கி கிடையாது, பின்சீட்டிலிருந்து கையை நீட்டினால் சாமான் எட்டும். அப்படிப்பட்ட வண்டியில் பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். டேஷ்போர்டு அறையும், இரண்டு சீட்டுக்கு நடுவிலுள்ள பெட்டியும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது. நம் குடும்பங்களில் பாதிப் பேர் ஓட்டுவது மினிவேன்தான். ஜிப் மட்டும் உள்ள பையில் துப்பாக்கியைப் போட்டு, குக்கருக்கும் மெத்தைக்கும் நடுவில் செருகிக்கொண்டு வருகிறார்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும், அந்தச் சட்டம் காப்பது பயணத்தை. தங்கலை அது காக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. திருட்டுப் பயத்தில் அந்தத் தம்பி பெட்டியை ராத்திரி சித்தப்பா வீட்டுக்குள் எடுத்துப் போயிருக்கிறார். அந்த நிமிடத்தில் அவர் நியூஜெர்சியில் பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர். அங்கே அது இரண்டாம் நிலைக் குற்றம், 5 முதல் 10 ஆண்டு சிறை. குறைந்தபட்சம் 42 மாதம் பரோல் இல்லாமல் உள்ளே இருக்க வேண்டும் என்ற விதியும் அதற்குப் பொருந்தும். சித்தப்பா வீட்டு வாசலில் யாராவது வண்டியை இடித்து போலீஸ் வந்திருந்தால் போதும், டாலஸ் வேலையும் கிரீன் கார்டும் சேர்ந்து போயிருக்கும்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்றால் இதைக் கேளுங்கள். 2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் போன ஒருவர், முறைப்படி சொல்லிவிட்டுத்தான் பூட்டிய பெட்டியில் துப்பாக்கியை விமானத்தில் ஏற்றினார். நியூவர்க்கில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். பெட்டி அவர் கைக்கு வந்தது. இரவு விமான நிலைய ஹோட்டலில் தங்கிவிட்டு, மறுநாள் காலை கவுன்டரில் தானாகவே துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார். கைது செய்தார்கள், சில நாள் சிறையில் இருந்தார். வழக்கைப் பிறகு கைவிட்டார்கள். ஆனால் அவர் தொடுத்த வழக்கில் 2010-இல் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஹோட்டலில் இருந்தபோது பெட்டி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் 1986 சட்டம் அவரைக் காக்காது என்று சொல்லிவிட்டது. அவர் ஒரு தப்பும் நினைக்கவில்லை. விமானம் தவறியது ஒன்றுதான் நடந்தது. உங்களுக்கும் அப்படி நடந்தால், பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே விமான நிலைய போலீஸிடம் விஷயத்தைச் சொல்லுங்கள் என்பதுதான் அந்தத் தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வழி.

வீடு மாற்றும்போது எடுத்துச் செல்ல நியூஜெர்சியிலேயே விதிவிலக்கு இருக்கிறதே என்பார்கள் சிலர். இருக்கிறது. கொலராடோவிலிருந்து நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்த ஒருவரை 2009-இல் பிடித்தபோது, துப்பாக்கிகள் தோட்டா இல்லாமல் டிக்கியில்தான் இருந்தன. அந்த விதிவிலக்கைப் பற்றி ஜூரிக்கு எடுத்துச் சொல்லவே நீதிபதி மறுத்துவிட்டார். 7 ஆண்டு தண்டனை. 2010 டிசம்பரில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி தண்டனையைக் குறைத்த பிறகுதான் அவர் வெளியே வந்தார். எல்லோருக்கும் ஆளுநர் வரமாட்டார்.

ஆகவே கிளம்பும்போதே வழியை வகுத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸிலிருந்து வந்தால் நியூயார்க், நியூஜெர்சியைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குள் போன பிறகு ராத்திரி தங்குங்கள். நடுவில் பெட்ரோல், காபி, பாத்ரூம், அவ்வளவுதான். சித்தியைப் பார்க்க ஆசையாக இருந்தால் டாலஸ் போய்ச் சேர்ந்து, துப்பாக்கியை அங்கே பூட்டிவிட்டு விமானத்தில் வந்து பாருங்கள். முறுக்கு அப்போதும் கிடைக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறும் உண்டு. டெக்சாஸில் வாங்கிய 17 தோட்டா மேகசினோடு அடுத்த பொங்கலுக்குப் பழைய ஊருக்குக் காரில் போவது. இப்போது போய்ச் சேரும் இடத்தில் அதற்கு அனுமதி இல்லை. பாதுகாப்பு ஆரம்பத்திலிருந்தே இல்லை.

சாமான் லாரியில் ஏற்றிவிடுவது

வேண்டாம். தோட்டாவை மூவர்ஸ் எடுக்கமாட்டார்கள். சொல்லாமல் அட்டைப்பெட்டிக்குள் வைத்து அனுப்பினால் அதுவே தனி வழக்கு.

குறுங்குழல் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி: மாநிலம் விட்டு நகர்த்துவதற்கு முன் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் துறையான ஏடிஎஃப்-இன் 5320.20 படிவத்துக்கு ஒப்புதல் கைக்கு வந்திருக்க வேண்டும். சைலன்சருக்கு அது தேவையில்லை.

பழைய டிரைவிங் லைசென்ஸோடு கடைக்குப் போவது

கைத்துப்பாக்கியை நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில்தான் வாங்க முடியும். கடையில் வாங்கும்போது நிரப்பும் மத்திய அரசின் 4473 படிவத்துக்குக் காட்டும் அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைக் காட்டும் வேறு அரசு ஆவணம் வேண்டும். புதிதாக வந்தவர்கள் டிரைவிங் லைசென்ஸ் மாற்ற டெக்சாஸ் 90 நாள் தருகிறது என்று அதைக் கடைசி வாரம் வரை இழுக்கிறார்கள், பிறகு கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கோபப்படுகிறார்கள். வந்த வாரமே மாற்றுங்கள்.

கஞ்சா

மாநிலம் கஞ்சாவை அனுமதித்தாலும், அதைப் பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வாங்க 4473 படிவம் அனுமதிப்பதில்லை. அந்தப் படிவத்திலேயே எழுதியிருக்கிறது.

"இங்கேதான் பெர்மிட் வேண்டாமே" என்று விட்டுவிடுவது

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதான, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இப்படி 29 மாநிலங்கள் இருக்கின்றன. வேண்டாம் என்ற பிறகு லைசென்ஸ் எடுக்க ஏன் பணமும் ஒரு நாளும் செலவழிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

முதல் காரணம் பள்ளிக்கூடம். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி எடுத்துச் செல்வதை மத்திய சட்டம் தடுக்கிறது. பள்ளி இருக்கும் மாநிலத்தின் துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. பெர்மிட் வேண்டாம் என்ற மாநில விதியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த விலக்கைக் கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது. டாலஸை ஒட்டிய ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் குடியிருப்புக்கு ஒரு பள்ளி இருக்கிறது. பிள்ளையை இறக்கிவிட வரிசையில் நிற்கும் அப்பாக்கள் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, லைசென்ஸ் உங்களோடு எல்லை தாண்டும். பக்கத்து நியூ மெக்சிகோ டெக்சாஸ் லைசென்ஸை ஏற்றுக்கொள்கிறது. மூன்றாவது, லைசென்ஸ் இருந்தால் கடையில் ஒவ்வொரு முறையும் பின்னணிச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

நான்காவது, லைசென்ஸுக்கான வகுப்பில் உட்கார்ந்தால்தான், துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று சொல்லும் வாசல் பலகைகளைப் படிக்கக் கற்றுக்கொள்வீர்கள். 30.05 பலகை லைசென்ஸ் இல்லாதவருக்கு. 30.06 லைசென்ஸோடு மறைத்து வைத்திருப்பவருக்கு. 30.07 லைசென்ஸோடு வெளியே தெரியும்படி வைத்திருப்பவருக்கு. சிவப்பில் பெரிதாக 51% என்று எழுதியிருந்தால், அந்த இடத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது என்று பொருள். அதைப் பார்த்தால் லைசென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் துப்பாக்கியோடு உள்ளே காலை வைக்காதீர்கள்.