பயண வழியில் பென்ட் நகரத்து பீர் ஆலை

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்டிலிருந்து ஹூட் மலைப்பக்கமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் காரோட்டி பென்ட் நகரை அடைபவர்கள், அன்றிரவு அங்கேயே தங்கும்படி பயணத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். பீரைச் சுவைத்துவிட்டு மீண்டும் வண்டியை எடுப்பது எவ்வகையிலும் சரியன்று. விடுதியில் காரை நிறுத்திவிட்டு, நகர மையத்தின் பாண்ட் தெருவிலுள்ள டெஷூட்ஸ் பீர் நிறுவனத்தின் மதுக்கூடத்துக்கு நடந்தே செல்லுங்கள். 1988இல் அந்நிறுவனம் தொடங்கியது அங்கேதான். 21 வயது நிறைந்ததற்குச் சான்றாகக் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

முழுக் கோப்பை வாங்காமல், பல வகைகளைச் சிறு கோப்பைகளில் ஊற்றி வரிசையாகத் தருமாறு கேளுங்கள். வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்பை இறுதிக்கு வையுங்கள். வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய தானியத்தின்) கசப்பு நாவில் படிந்துவிட்டால் மென்மையான வகைகளின் மணம் பிடிபடாது. பிளாக் பியூட் போர்ட்டர் என்னும் அவர்களது கறுப்பு பீரைக் குளிர்ச்சியோடு அவசரமாகக் குடித்துவிடாமல், கோப்பையைச் சற்று நேரம் உள்ளங்கைகளுக்குள் வைத்திருந்தால், நுரைக்கு அடியிலிருந்து காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனையும் சாக்லேட்டின் மணமும் மெல்ல எழும். என்னைக் கேட்டால், அந்தச் சில நிமிடங்களுக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

இடையிடையே தண்ணீர் குடியுங்கள். வெறும் வயிற்றோடு அமராதீர்கள். உற்பத்திக் கூடத்தையும் பார்க்க விரும்பினால், அனுமதியையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டறிந்து, ஈரத் தரையில் வழுக்காத, விரல்களை மூடிய காலணியோடு செல்லுங்கள்.