ஆங்கிலத்தில் 'கம்', 'கோ': எங்கே எதைச் சொல்வது?

'கம்' என்றால் வா, 'கோ' என்றால் போ என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் அலுவலகத் தொலைபேசியில் "நாளைக்கு வரமாட்டேன்" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய நேரத்தில் நாக்கு தயங்குகிறது. ஒரு வாக்கியத்தைச் சொல்லும்முன் எதையெதைப் பார்க்க வேண்டும் என்பதைப் படிப்படியாகக் கீழே விளக்கியிருக்கிறேன்.

படி 1: போய்ச் சேரும் இடத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள்

தூரத்தையோ திசையையோ பார்க்க வேண்டாம். சேருமிடம் பேசுகிறவர் இருக்கும் இடமாகவோ கேட்கிறவர் இருக்கும் இடமாகவோ இருந்தால் 'கம்', இரண்டும் இல்லையென்றால் 'கோ'. நீங்கள் மதுரையில் இருந்துகொண்டு சென்னை நண்பரிடம் பேசினால், 'ஐ ஆம் கமிங் டு சென்னை ஆன் ஃபிரைடே' என்பீர்கள். அதே பயணத்தைத் திருநெல்வேலியில் இருக்கும் அக்காவிடம் சொல்லும்போது 'ஐ ஆம் கோயிங் டு சென்னை ஆன் ஃபிரைடே' என்று மாறிவிடும்.

இந்த விதி நமக்குப் புதியதன்று. "தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த" என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் சொல்கிறது. அதாவது 'வா' என்னும் சொல் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் உரியது, 'செல்' என்பது படர்க்கைக்கு உரியது. ஸ்பானிய மொழி பேசுகிறவருக்கு இந்த வசதி இல்லை. யாராவது கூப்பிட்டால் அவர் தம் மொழியில் "இதோ போகிறேன்" என்று பொருள்படும் சொல்லால்தான் பதில் கொடுப்பார். ஆகவே 'ஐ ஆம் கமிங்' என்பதை அவர் தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது. நாம் "இதோ வருகிறேன்" என்பதை அப்படியே மாற்றினால் போதும்.

படி 2: எந்த நேரத்தில் என்று கேளுங்கள்

பேசும் நேரத்தில் நீங்கள் அங்கே இல்லாவிட்டாலும், மற்றவர் வந்து சேரும் நேரத்தில் இருப்பீர்கள் என்றால் 'கம்' பொருந்தும். 'ஐ வில் பி இன் தி லைப்ரரி அட் ஃபோர். கம் அண்ட் சீ மி தேர்' என்பது சரியான ஆங்கிலம். சொந்த வீட்டுக்கு இந்த நிபந்தனைகூட இல்லை. நீங்கள் ஊரில் இல்லாதபோது ஒருவர் வந்து போயிருந்தாலும் 'ஹி கேம் டு மை ஹவுஸ்' என்றே சொல்லலாம்.

படி 3: உடன் அழைக்கிறீர்களா, விருப்பம் கேட்கிறீர்களா?

தொடக்கநிலையில் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 'வி ஆர் கோயிங் டு தி பீச். டு யூ வான்ட் டு கம்?' என்னும் பேச்சில் ஒரே கடற்கரைக்கு முதலில் 'கோ'வும் அடுத்து 'கம்'மும் வருகின்றன. கடற்கரையில் இப்போது இருவருமே இல்லை. ஆனாலும் பேசுகிறவருடன் சேர்ந்து நகர்வது என்பதால் 'கம்' வந்தது. அங்கே 'டு யூ வான்ட் டு கோ?' என்று கேட்டிருந்தால், "உனக்குப் போக விருப்பமா?" என்பது மட்டுமே உறுதியாகும், கேள்வி கேட்டவரும் உடன் போகிறாரா என்பது அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. "எங்களோடு வருகிறாயா", "நீ போகிறாயா" என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும்.

படி 4: விடைபெறும்போது தமிழை மொழிபெயர்க்காதீர்கள்

வாசலில் நின்று "போகிறேன்" என்று சொல்வதை நல்ல சகுனமாக நாம் நினைப்பதில்லை. "போய்விட்டு வருகிறேன்" என்கிறோம். அதை 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று ஆக்கினால், நம் ஊர்க்காரர் புரிந்துகொள்வார். லண்டன்காரரோ நீங்கள் சற்று நேரத்தில் திரும்பி வரப்போகிறீர்கள் என்று காத்திருக்கக்கூடும். விடைபெற 'ஐ ஷுட் கெட் கோயிங். சீ யூ' என்பது போதும். உண்மையிலேயே கடைக்குப் போய்த் திரும்புவதாக இருந்தால் 'ஐ ஆம் கோயிங் டு தி ஷாப். ஐ வில் பி பேக் சூன்' என்று சொல்லுங்கள்.

படி 5: 'பிரிங்', 'டேக்' இரண்டுக்கும் இதே அளவுகோல்

கொண்டு வா என்றால் 'பிரிங்', கொண்டு போ என்றால் 'டேக்'. அமெரிக்கர் சிலர் இரண்டுக்குமே 'பிரிங்' என்பதுண்டு. தேர்வுத்தாளில் அதைப் பின்பற்ற வேண்டாம்.

படி 6: இடம்பெயராத 'வா'வைப் பிரித்து வையுங்கள்

பால் கெட்டுப்போனதை 'தி மில்க் ஹாஸ் கான் பேட்' என்று ஆங்கிலமும் 'போ'வை வைத்தே சொல்கிறது. இந்த ஒற்றுமையை நம்பி எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது. தூக்கம் வருகிறது என்பதற்கு 'ஐ ஆம் ஸ்லீப்பி', கோபம் வந்தது என்பதற்கு 'ஐ காட் ஆங்ரி', ஆங்கிலம் வராது என்பதற்கு 'ஐ கான்ட் ஸ்பீக் இங்கிலீஷ்' என்று, 'கம்' இல்லாமலே சொல்ல வேண்டும்.

பயிற்சிக்கு ஒன்று: வீட்டிலிருந்து மேலாளரிடம் பேசி, நாளை அலுவலகத்துக்கு வர இயலாது என்று சொல்லுங்கள், பிறகு அதையே அம்மாவிடம் சொல்லுங்கள். மேலாளர் அலுவலகத்தில் இருப்பவர் என்பதால் 'ஐ வோன்ட் பி கமிங் டு தி ஆபிஸ் டுமாரோ'. அம்மாவிடம் 'ஐ ஆம் நாட் கோயிங் டு தி ஆபிஸ் டுமாரோ'.