காரில் உள்ள ‘ஆட்டோ’ வசதிகள்: புதிதாக ஓட்டுபவர்கள் ஒவ்வொன்றாகப் பழகுவது எப்படி?

புதுக் கார் வாங்கியவர்களில் பலர் ஸ்டீயரிங்கைச் சுற்றியுள்ள பொத்தான்களில் பாதியைத் தொடுவதே இல்லை. தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற தயக்கம். வேறு சிலர் எல்லாவற்றையும் முதல் நாளே போட்டுவிட்டு, இனி கார் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவார்கள். இரண்டுமே வேண்டாம். ஒரு வசதி எதை உணர்கிறது, எது அதற்குத் தெரியாது என்று புரிந்துகொண்டு பழகினால், கை கால்களின் வேலை குறையும், கவனம் சாலையில் நிற்கும்.

படி 1: நிறுத்திய காரில் தொடங்குங்கள்

கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் காரில் உட்காருங்கள். முதலில் சாவியைப் பாருங்கள். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார் என்றால், சாவியின் பேட்டரி ஒருநாள் தீர்ந்தே தீரும். பெரும்பாலான சாவிகளுக்குள் கதவைத் திறக்க ஒரு சிறிய உலோகச் சாவி ஒளிந்திருக்கும். பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டிப் பிடித்தால் எஞ்சின் கிளம்பிவிடும். அந்த இடம் எது என்பது காருக்குக் கார் மாறும். இன்றே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள், இருட்டில் தேட வேண்டியிருக்காது.

படி 2: முகப்பு விளக்கு

விளக்குத் திருகை ‘ஆட்டோ’வில் வைத்தால், வெளிச்சம் குறையும்போது கண்ணாடியின் மேற்புறத்திலோ டேஷ்போர்டிலோ உள்ள சென்சார் விளக்கைப் போட்டுவிடும். மாலையிலும் சுரங்கப்பாதையிலும் அருமையான வசதி.

ஆனால் சென்சார் பார்ப்பது வெளிச்சத்தை மட்டும்தான். பகலில் பனிமூட்டம் இருந்தாலும், கனமழை கொட்டினாலும், வெளிச்சம் போதுமான அளவு இருந்தால் அதற்கு அது பகல்தான். அப்போது முன்னால் பகல் விளக்குகள் எரியும். பல கார்களில் பின்விளக்கு எரியாது. டேஷ்போர்டும் பளிச்சென்று ஒளிர்வதால், ஓட்டுபவருக்கு எல்லா விளக்கும் எரிவதாகவே தோன்றும். பின்னால் வருபவருக்கோ கார் தெரியாது. ஒருமுறை பகல் மழையில், முன்னால் போன சாம்பல் நிறக் கார் மிக அருகில் வந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து மழை என்றாலே விளக்கை நானே கையால் போட்டுவிடுகிறேன். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

படி 3: வைப்பர்

மழை சென்சார் கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்துகிறது. கண்ணாடி காய்ந்திருந்தால் அந்த ஒளி பெரும்பகுதி திரும்பி வரும். துளி விழுந்த இடத்தில் வெளியே கசிந்துவிடும். திரும்பும் ஒளி குறையக் குறைய வைப்பர் வேகமாக ஓடும். சென்சார் இருக்கும் இடத்தில் அழுக்கு படிந்தால் கணக்கு தப்பும், அதனால் அந்தப் பகுதியைத் துடைத்து வையுங்கள். காரைக் கழுவக் கொடுக்கும் முன் மறக்காமல் அணைத்துவிடுங்கள். கண்ணாடியைத் துடைக்கும் கைமீது வைப்பர் பாயக் கூடாது.

படி 4: ஏசி

24 டிகிரி வைத்து ‘ஆட்டோ’வை அழுத்துங்கள், போதும். 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தவறான எண்ணம். வெயிலில் நின்ற காரில் 24 வைத்தாலும் அது முதலில் முழு வேகத்தில்தான் ஓடும்.

படி 5: ஆட்டோ ஹோல்டு

நின்ற காரை, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் நகராமல் பிடித்து வைக்கும் வசதி இது. நெரிசலில் ஓட்டுபவர்களுக்கு இதைவிட உதவியான வசதி வேறில்லை என்பேன். காலியான, சமமான இடத்தில் பழகுங்கள். சீட் பெல்ட் போட்டு, பிரேக்கை மிதித்தபடி ஹோல்டு பொத்தானை அழுத்துங்கள். மெல்ல நகர்ந்து, பிரேக் பிடித்து முழுவதுமாக நிறுத்துங்கள். திரையில் ஹோல்டு குறியீடு வந்ததா என்று பாருங்கள் (பல கார்களில் அது பச்சையாக மாறும்). வந்த பிறகே காலை எடுங்கள். கார் நகராது. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் பிடி விடும். பத்து முறை செய்தால் கால் பழகிவிடும்.

அங்குலம் அங்குலமாக நகர்த்தி பார்க் செய்யும்போது அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் பிடித்துப் பிடித்து விடும். அப்புறம், இது கை பிரேக்குக்கு மாற்று இல்லை. இறங்கும் முன் கியரை பார்க்கிங்கில் போட்டு, பார்க்கிங் பிரேக்கையும் போடுங்கள்.

படி 6: குரூஸ் கண்ட்ரோல்

ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே காரை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் வசதி இது. இதை உருவாக்கிய ரால்ஃப் டீட்டர் சிறுவயதிலேயே பார்வையை இழந்த பொறியாளர். தான் பயணித்த காரின் வேகம் கூடிக் குறைந்து குலுக்கியதுதான் அவரை யோசிக்க வைத்தது என்பார்கள். 1958-இல் கிரைஸ்லரின் கார்களில் அது வந்தது.

நெரிசல் இல்லாத, காய்ந்த நெடுஞ்சாலையில் தொடங்குங்கள். வேண்டிய வேகம் வந்ததும் செட் பொத்தான். பிரேக்கைத் தொட்டால் ரத்தாகும். ரெஸ்யூம் அழுத்தினால் பழைய வேகத்துக்குத் திரும்பும். முன்செல்லும் வண்டிக்கேற்ப வேகம் மாற்றும் அடாப்டிவ் வகை என்றால், இடைவெளியை அதிகபட்சமாக வையுங்கள். சாலையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் வண்டியை அது கவனிக்காமல் போகலாம். எனவே கால் பிரேக்குக்கு அருகிலேயே இருக்கட்டும். மழையில் வேண்டவே வேண்டாம்.

வேறு காரை ஓட்டும்போது

இவையெல்லாம் பழகிய பிறகு ஒரு புதிய ஆபத்து வரும். ஆட்டோ ஹோல்டு இல்லாத ஆட்டோமேட்டிக் காரில், பழக்கதோஷத்தில் சிக்னலில் காலை எடுத்தால் கார் தானாக முன்னே நகரும். ஆகவே வேறொருவர் காரில் ஏறினால், கிளம்பும் முன் மூன்றைப் பாருங்கள்: விளக்குத் திருகு எங்கே நிற்கிறது, வைப்பர் எந்த நிலையில் உள்ளது, ஹோல்டு பொத்தான் இருக்கிறதா. இல்லையென்றால் சிக்னலில் கால் பிரேக்கிலேயே இருக்கட்டும்.