முகம் தெரியும், பெயர் வராது: பிரிட்டிஷ் டிவி குணச்சித்திர நடிகர் ஒருவரின் வாழ்க்கையைத் தொகுப்பது எப்படி

பழைய பிரிட்டிஷ் டிவி தொடர்களைப் பார்க்கிறவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. திரையில் ஒருவர் வருவார். போன வாரம் வேறொரு தொடரில் இவரே போலீஸ் இன்ஸ்பெக்டர். அதற்கு முன்னால் பாதிரியார். ஏதோ ஒரு போர்க்கால நாடகத்தில் ஜெர்மன் அதிகாரி. முகம் நன்றாகத் தெரியும், பெயர் மட்டும் வராது. அப்படி ஒருவரின் வாழ்க்கையையும் தொழிலையும் உருப்படியாகத் தொகுத்து எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் லண்டனில் கணக்கு வேலை பார்ப்பவன். இது என் வார இறுதிப் பைத்தியம். தொழில் புத்தி போகாது என்பதாலோ என்னவோ, ரசீது இல்லாத எதையும் நான் வரவில் வைப்பதில்லை.

முதல் பேச்சு: சுவையான கதைகளைச் சேர்ப்பதில் இறங்கிவிடாதீர்கள். நடிகர்கள் நன்றாகக் கதை சொல்வார்கள், அது அவர்கள் தொழில். இருபது முப்பது வருடம் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேறியிருக்கும். எந்த வருடம், எந்த ஸ்டூடியோ, கூட யார் என்று தேதிப் பட்டியல் கையில் இருந்தால்தான் கதையை உரசிப் பார்க்க முடியும். ஆகவே தேதி முதலில், கதை பிறகு.

ஒரு விரிதாளைத் திறந்து கொள்ளுங்கள். ஒளிபரப்பான தேதி, பதிவான தேதி, தொடர், எபிசோட், பாத்திரம், சேனல், ஆதாரம் என்று பத்திகள் போடுங்கள். கடைசிப் பத்தியை யாரும் ஒழுங்காக நிரப்புவதில்லை, ஆனால் மூன்று மாதம் கழித்து உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

எடுத்துக்காட்டாக ஃபிலிப் மேடக்கை வைத்துக் கொள்வோம். 1934 ஜூலை 5 அன்று வேல்ஸில் மெர்த்தர் டிட்ஃபில் ஊரில் பிறந்து, 2012 மார்ச் 5 அன்று காலமானவர். பிபிசியில் அவர் செய்ததைத் தேட பிபிசி ஜீனோம் தளம் போதும். ரேடியோ டைம்ஸ் இதழின் 1923 முதல் 2009 வரையான நிகழ்ச்சிப் பட்டியல்களை அதில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தேடும்போது எழுத்துப் பிழைகளையும் போட்டுத் தேடுங்கள். அச்சுப் பக்கத்தைக் கணினி படித்துக் கொடுத்த எழுத்து என்பதால் பெயர்கள் அங்கங்கே உடைந்திருக்கும். இன்னொன்று, அந்த இதழ் ஒளிபரப்புக்கு முன்பே அச்சாகும். கடைசி நேரத்தில் நடிகர் மாறினாலும் நிகழ்ச்சியே தள்ளிப்போனாலும் பட்டியலுக்குத் தெரியாது. உண்மையில் என்ன ஒளிபரப்பானது என்ற உள்பதிவேடு ரெடிங் அருகே கேவர்ஷமில் இருக்கும் பிபிசியின் எழுத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நினைத்தபோது போய் நிற்க முடியாது. என்ன தேவை, எதற்காக என்று முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

தனியார் தொலைக்காட்சியான ஐடிவிதான் தலைவலி. 1991 மார்ச் வரை ரேடியோ டைம்ஸில் பிபிசி நிகழ்ச்சிகள் மட்டுமே வரும், ஐடிவிக்கு டிவி டைம்ஸ் தனி. ஐடிவி ஒரே சேனலாகவும் இயங்கவில்லை. கிரானடா, ஆங்கிலியா, சதர்ன் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நிறுவனம். ஒரே எபிசோட் லண்டனில் ஒரு நாளும் வடக்கே வேறொரு நாளும் வந்திருக்கலாம், டிவி டைம்ஸும் வட்டாரத்துக்கு ஒரு பதிப்பு போட்டது. அதனால் ஐடிவி தேதி எழுதும்போது எந்த வட்டாரம் என்று பக்கத்தில் குறியுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு பேர் தங்கள் தேதிதான் சரி என்று சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

அப்புறம் பெயர். பிரிட்டனில் நடிகர் சங்கமான ஈக்விட்டியில் ஒரே பெயரில் இரண்டு உறுப்பினர்கள் இருக்க முடியாது. அதனால்தான் டேவிட் மெக்டொனால்டு என்ற ஸ்காட்லாந்து இளைஞர் டேவிட் டென்னன்ட் ஆனார். நம் மேடக் பிறந்தபோது ஃபிலிப் ஆர்வன் ஜோன்ஸ். மெர்த்தரில் ஜோன்ஸ் என்ற பெயரை வைத்து ஆளைப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று வேல்ஸ்காரர்கள் சொல்வார்கள். ஃப்ரீபிஎம்டி தளத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் பிறப்புப் பதிவுகளின் அட்டவணை இலவசமாகக் கிடைக்கும். 1911 ஜூலைக்குப் பிறகு பதிவான பிறப்புகளில் தாயின் கன்னிப் பெயரும் கூடவே இருக்கும், அதுதான் பிடி. அட்டவணை காலாண்டு வாரியாக ஓடுகிறது, அதுவும் பதிவு செய்த காலாண்டுதான். செப்டம்பர் கடைசியில் பிறந்த குழந்தை டிசம்பர் காலாண்டில் உட்கார்ந்திருக்கும். ஸ்காட்லாந்தில் பிறந்தவரென்றால் பதிவேடே வேறு, அங்கே தனியாகத் தேட வேண்டும். நடிகர் தானே பேட்டியில் சொன்ன வயதை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு மூன்று வருடத்தைக் கழித்துச் சொல்வது அந்தத் தொழிலில் தப்பே இல்லை.

பிறப்பு கிடைத்த பிறகு படிப்பைப் பாருங்கள், பின்னால் வந்த வேடங்களுக்குக் காரணம் அங்கே இருக்கும். மேடக் கார்டிஃப்பிலும் பிறகு வியன்னாவிலும் மொழிகள் படித்தார், மொழிபெயர்ப்பாளராக வேலையும் பார்த்தார், அதன் பிறகுதான் ராடா நடிப்புப் பள்ளிக்கு வந்தார். 1960களின் கடைசியிலிருந்து அவருக்கு ஜெர்மன் அதிகாரி வேடங்கள் வரிசையாக வந்ததற்கு முகவெட்டு மட்டும் காரணமில்லை. ஜெர்மன் அவருக்கு உண்மையாகவே தெரியும்.

இப்போது விரிதாளுக்கு வருவோம். பதிவான தேதிக்குத் தனிப் பத்தி போடச் சொன்னேனே, அதன் பயன் இங்கேதான். டாக்டர் ஹூ என்ற பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடரில் மேடக் விஞ்ஞானி சோலனாக வரும் கதை 1976 ஜனவரியில் ஒளிபரப்பானது, பதிவானது 1975 அக்டோபரில். ஒளிபரப்புத் தேதியை மட்டும் வைத்து எழுதினால், ஜனவரியில் அவர் ஸ்டூடியோவில் இருந்ததாக ஒரு பொய்யான மாதத்தை உருவாக்கிவிடுவீர்கள். அந்தக் காலத்தில் பிபிசியின் அரைமணி நேர நகைச்சுவைத் தொடர் என்றால் ஏறக்குறைய ஒரு வாரம் ஒத்திகை, கடைசியில் ஒரே மாலையில் பார்வையாளர்கள் முன்னால் பதிவு. 1970 முதல் ஒத்திகைக்கென்றே லண்டன் நார்த் ஆக்டனில் பல மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது, நடிகர்கள் அதை ஆக்டன் ஹில்டன் என்று கிண்டலாகச் சொல்வார்கள். ஆகவே ஒவ்வொரு பதிவுத் தேதிக்கும் முன்னால் ஒரு வாரத்தை நிறம் தீட்டி நிரப்புங்கள். வெளிப்புறப் படப்பிடிப்பு இருந்தால் அது தனியாக, பெரும்பாலும் சில வாரங்கள் முன்னதாகவே நடந்திருக்கும்.

நிரப்பி முடித்ததும் வெள்ளையாக மிச்சமிருக்கும் வாரங்களைப் பாருங்கள். குணச்சித்திர நடிகரின் வாழ்க்கையில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது. நாடகக் கம்பெனி, ரேடியோ, விளம்பரக் குரல், ஒலிப்புத்தகம், அல்லது வேலையே இல்லாத காலம். மேடக்கை பிபிசியின் ரேடியோ 4 பக்கம் தேடினால் துறவி துப்பறியும் கேட்ஃபெயில் கதைகளில் அவர்தான் நாயகன் என்று தெரியவரும். டிவியில் வில்லன், ரேடியோவில் சாந்தமான துறவி. திரைப் பட்டியலை மட்டும் நகல் எடுக்கிறவர்களுக்கு இது கிடைக்காது. நாடக மேடைக்கு த ஸ்டேஜ் வார இதழ்தான் முதல் கதவு. 1880லிருந்து வருகிறது, பழைய இதழ்களைக் கணினியிலேயே தேடலாம். சிற்றூர்க் கம்பெனியில் வாரம் ஒரு புது நாடகம் போட்ட காலத்து விமர்சனங்களில் ஒரே ஒரு வரியில் நம்மாள் பெயர் இருக்கும். அந்த ஒரு வரி போதும்.

ஸ்பாட்லைட் என்ற நடிகர் விவரப் புத்தகத்தையும் விடாதீர்கள். 1927ல் தொடங்கியது. பாத்திரத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் புரட்டுவதற்காக நடிகர்கள் தங்கள் படத்தைக் காசு கொடுத்துப் போட்ட புத்தகம். நாயகர், குணச்சித்திரம் என்று பிரிவு பிரிவாக வந்தது. ஒருவர் எந்த வருடம் நாயகர் பிரிவிலிருந்து குணச்சித்திரத்துக்கு இறங்கி வந்தார் என்று பழைய தொகுதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். படத்தில் முடியும் குறைந்திருக்கும்.

சரி, பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் பாதித் தொடர்கள் இருக்காது. வீடியோ நாடா விலை அதிகம், மறு ஒளிபரப்பை ஒப்பந்தம் கட்டுப்படுத்தியது, ஆகவே 1970களின் கடைசி வரை பிபிசி நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. டாக்டர் ஹூவிலேயே தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால ஊர்க்காவல் படையைப் பற்றிய நகைச்சுவைத் தொடரான டாட்ஸ் ஆர்மியின் இரண்டாம் சீசனில் மூன்று எபிசோடுகள் இன்னும் காணவில்லை. அதே சீசனில் இன்னும் இரண்டு 2001ல்தான் திரும்பி வந்தன. அழிந்த எபிசோடில் உங்கள் நடிகர் இருந்தால் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதீர்கள். என்ன வேடம், என்று ஒளிபரப்பானது, எழுத்துப் பிரதி எங்கே இருக்கிறது என்பதோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

ஒரு அதிர்ஷ்டம் மட்டும் உண்டு. 1947லிருந்து 1968 வரை ஜான் க்யூரா என்ற புகைப்படக்காரர் டிவித் திரையையே கேமராவால் படமெடுத்து விற்றார். டெலி ஸ்நாப் என்று பெயர். வாங்கியவர்களில் நடிகர்களும் உண்டு. நேரலையாகப் போய் மறைந்துவிடும் நடிப்புக்கு அதுதான் அவர்கள் கையில் தங்கிய சாட்சி. சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும், குழாய்த் திரையின் வளைந்த ஓரம் தெரியும், பாதி வாக்கியத்தில் வாய் திறந்தபடி நம்மாள் நிற்பார். குடும்பத்தாரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் பரிசுகளைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இந்த மாதிரிப் படங்கள் பெட்டியில் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

எழுத உட்காரும்போது வரும் பெரிய சோதனை, புகழ்பெற்ற ஒரே காட்சி. டாட்ஸ் ஆர்மியில் 1973 அக்டோபர் 31 அன்று வந்த எபிசோடில் மேடக் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன். தன்னைக் கேலி செய்த இளைஞனின் பெயரைக் கேட்கிறார். சொல்லிவிடாதே என்று எச்சரிக்கும் படைத் தலைவர், அதாவது நடிகர் ஆர்தர் லோ, அதே வாயால் பையனின் பெயரைக் கத்திவிடுகிறார். பிரிட்டனில் இது தெரியாதவர்கள் குறைவு. காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சிரிப்பு லோவுக்கு, ஆனால் அதைத் தாங்குவது மேடக். அவர் முகத்தில் நகைச்சுவையின் நிழல்கூட இல்லை. பட்டியலில் பெயர் எழுதும் அதிகாரியாகவே கடைசிவரை இருக்கிறார். அவர் கொஞ்சம் இளித்திருந்தால் காட்சி படுத்திருக்கும்.

இதை எழுதுங்கள், ஆனால் இரண்டு பத்திக்கு மேல் வேண்டாம். அவர் டாக்டர் ஹூவில் நான்கு கதைகளில் நான்கு வெவ்வேறு ஆட்களாக வந்தவர். 1981ல் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜாக ஒரு தொடரையே தோளில் சுமந்தவர். 1994 முதல் துப்பறிவாளர் நோயல் பெய்னாக நடித்த தொடரில் ஒவ்வொரு காட்சியையும் ஒருமுறை வெல்ஷிலும் ஒருமுறை ஆங்கிலத்திலும் எடுத்தார்கள். அரைமணி நேர எபிசோட் ஒன்று இதையெல்லாம் மூடிவிடக் கூடாது. போரிட்ஜ் என்ற சிறைச்சாலை நகைச்சுவைத் தொடரில் சிறைத் தாதா க்ரௌட்டியாக வந்த பீட்டர் வானுக்கும் இதே கதிதான். டிவியில் மூன்றே எபிசோடுகள், ஆனால் பாதிக் கட்டுரைகள் அதோடு முடிந்துவிடுகின்றன.

இரங்கல் குறிப்புகளை நான் கடைசியில்தான் படிப்பேன், அதுவும் பட்டியலை முடித்த பிறகு. முதலில் படித்தால் அதன் வரிசையும் அதன் பிழைகளும் நம் எழுத்தில் வந்து உட்கார்ந்துவிடும். நடிகர் பெயரில் ஆளை மாற்றிப் போட்ட வலைத்தளப் பட்டியல்கள் ஏராளம். 1962ல் குழந்தை வேடமும் அதே வருடம் தாத்தா வேடமும் ஒரே ஆளுக்கு எழுதியிருந்தால், அவர்கள் இரண்டு பேர்.

குடும்பம் கடிதமோ நாட்குறிப்போ கொடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். தாள் யார் கையில் இருந்தாலும் எழுத்துரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் வாரிசுகளுக்கும். பிரிட்டனில் பொதுவாக அது இறந்து 70 வருடம் வரை செல்லும். சக நடிகர் இவருக்கு எழுதிய கடிதத்தை அச்சிட இவர் மகள் அனுமதித்தால் போதாது, எழுதியவர் வீட்டிலும் கேட்க வேண்டும். பிபிசி எடுத்த நிழற்படங்களுக்கு அனுமதி தனி, கட்டணமும் தனி. கட்டுரைக்கு முகம் தேவை என்றால் குடும்பம் தானே எடுத்த படம் ஒன்றைக் கேட்டு, எடுத்தவர் பெயரோடு போடுங்கள்.