கோடையில் மாடு இரைக்கிறதா? எண்ணுங்கள், நனையுங்கள், காற்று விடுங்கள்

ஒரே வெயிலில் கிர் மாடு நின்று அசைபோடும். பக்கத்தில் கட்டிய, நிறையப் பால் தரும் வெளிநாட்டு இனமான ஹோல்ஸ்டீன் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும். கிர், சாஹிவால் போன்ற திமில் மாடுகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, தோலின் மேற்பரப்பை ஒட்டி இருப்பவை. முடியும் குட்டை, வழுவழுப்பு. எல்லாவற்றையும்விட, அவற்றின் உடம்புக்குள் உண்டாகும் சூடே குறைவு. பால் கூடக் கூட அந்தச் சூடு ஏறும். அதனால்தான் ஹோல்ஸ்டீன் முதலில் தளர்கிறது. ஜெர்சி கொஞ்சம் தாங்கும்.

1. மூச்சை எண்ணுங்கள்
மாடு நிழலில் சும்மா நிற்கும்போது, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் வயிறு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரட்டியுங்கள். நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் வெப்பம் தாக்கத் தொடங்கிவிட்டது. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பநிலை வழக்கமாக 38.5 டிகிரி செல்சியஸ். 39.5ஐத் தாண்டினால் உடனே குளிர்விக்க வேண்டும். 41 என்றால் குளிர்வித்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள்.

2. நனைத்துக் காற்று விடுங்கள்
பலர் தவறுவது இங்கேதான். உடம்பைக் குளிர்விப்பது தண்ணீர் ஆவியாவதுதான். வெறுமனே ஊற்றினால் போதாது. தோள், முதுகு, விலா மீது 1 அல்லது 2 நிமிடம் பெரிய துளிகளாக விழும்படி தண்ணீர் விடுங்கள். பிறகு விரலால் முடியை விலக்கிப் பாருங்கள். அடித்தோல் உலர்ந்திருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. புகைபோலத் தெளிக்கும் நீர் முடி நுனியிலேயே தங்கி, சூட்டை உள்ளே அடைத்துவிடும். முதுகில் போடும் ஈரச் சாக்கும் அப்படித்தான்.

தோல் நனைந்ததும் தண்ணீரை நிறுத்தி, 10 நிமிடம் மின்விசிறிக் காற்று படட்டும். மூச்சு தணியும்வரை திரும்பச் செய்யுங்கள். மடிக்கு நீர் வழியும் முன் நிறுத்திவிடுங்கள். மடியும் தரையும் ஈரமாகவே கிடந்தால் மடிநோய் வரும்.

3. தீவன நேரத்தை மாற்றுங்கள்
தின்ற தீவனம் வயிற்றில் நொதிக்கும் சூடு சில மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். காலை 9 மணிக்கு வைத்த அடர்தீவனம் (தவிடு, புண்ணாக்கு போன்றவை) நண்பகல் வெயிலோடு சேர்ந்து தாக்கும். விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். இரைக்கும் மாடு எச்சிலோடு சோடா உப்பையும் இழக்கும். பெரிய கறவை மாட்டுக்கு நாளுக்கு 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவைத் தீவனத்தில் கலக்கலாம். தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கட்டும். கறந்தவுடன்தான் மாடு அதிகம் குடிக்கும். அப்போது தொட்டி நிரம்பியிருக்க வேண்டும்.

4. இரவில் மறுபடி எண்ணுங்கள்
பகலில் சேர்ந்த சூட்டை மாடு இரவில்தான் இறக்கும். 9 மணிக்கும் மூச்சு 60க்கு மேல் இருந்தால், இன்னொரு முறை நனைத்து, விசிறியை விடியும்வரை ஓடவிடுங்கள்.