பயறும் உளுந்தும் போதும், இயற்கைத் தேர்வை வீட்டிலேயே பார்க்கலாம்

எட்டி எட்டித்தான் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி இல்லை, சூழலுக்குத் தோதான குணத்தோடு பிறந்தவை அதிகம் தப்பிப் பிள்ளை பெற, அந்தக் குணம் பெருகுவதுதான் இயற்கைத் தேர்வு என்று அக்கா மகனுக்கு வாயால் விளக்கி அலுத்துப்போய், பினாங்கு லிட்டில் இந்தியாவில் பச்சைப் பயறும் தோல் நீக்கிய முழு உளுந்தும் வாங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு பச்சைக் கைலியை விரியுங்கள். வாழை இலை வேண்டாம், வழுக்கி ஓரத்துக்குப் போய்விடும். இரண்டிலும் 30 எண்ணி, கலந்து தூவுங்கள். இவைதான் பூச்சிகள்.

அடுத்து பறவை. எங்கள் வீட்டு மைனா ஐந்தாம் ஆண்டு படிக்கிறது. கண்ணைத் திறந்ததும் முதலில் படுவதை, ஒன்றே ஒன்று எடுத்துவிட்டு மறுபடி கண்ணை மூட வேண்டும். (இதை நான் முதலில் சொல்ல மறந்தேன், பயல் கை நிறைய அள்ளிவிட்டான்.) 30 எடுத்ததும் நிறுத்துங்கள்.

தப்பிய ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் இரண்டு பிள்ளைகளைப் போட்டுவிட்டு, பெற்றோரை எடுத்துவிடுங்கள். எங்களுக்கு முதல் சுற்றில் பயறு 20, உளுந்து 10 தப்பின, ஆக அடுத்த தலைமுறை 40க்கு 20. அதற்கடுத்தது 52க்கு 8! கவனியுங்கள், ஒரு உளுந்துகூடப் பச்சையாக மாறவில்லை. மாறியது எண்ணிக்கைதான்.

சரி, இப்போது பிள்ளைகளைப் பெற்றோரின் நிறம் பார்த்துப் போடாமல், சரிபாதி கலந்த கிண்ணத்திலிருந்து பார்க்காமல் எடுத்துப் போடுங்கள். மைனா என்னதான் உளுந்தாகப் பொறுக்கினாலும் ஒவ்வொரு தலைமுறையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் தொடங்கும். தப்பித்தால் மட்டும் போதாது, தப்பிக்க உதவிய குணம் பிள்ளைக்கும் இறங்க வேண்டும்.

அப்புறம் கைலியை எடுத்துவிட்டு வெள்ளை வேட்டியை விரியுங்கள், கணக்கு தலைகீழாகும். ஆனால் அதற்கு உளுந்து கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும். அடியோடு தீர்ந்துவிட்டால் மரபணுவில் புதிதாக ஒரு பிறழ்வு நேர்ந்தால்தான் உண்டு, அது நம் தேவையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கம் இது நிஜமாகவே நடந்தது. வெளிர் நிற அந்துப்பூச்சிகளுக்கு நடுவே 1848இல் கறுப்பு ஒன்று சிக்கியது. ஆலைப் புகையில் மரங்கள் கறுத்துப்போக, 1895வாக்கில் கிட்டத்தட்ட 98 சதவீதம் கறுப்பு. 1956இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்து புகை குறையக் குறைய, வெளிர் நிறம் திரும்ப ஏறியது.

"மாமா, மைனாவுக்குக் கண்ணே தெரியாவிட்டால்?" என்றான் பயல். கண்ணைக் கட்டிவிட்டு முதலிலிருந்து ஆடினோம். 32க்கு 28.