சிறுவயது லெகோ வீட்டை மீண்டும் கட்டி எழுப்புவது எப்படி

பரணிலிருந்து இறங்கும் பழைய லெகோ வீடு பெரும்பாலும் வீடாக இருப்பதில்லை. பாதிச் சுவர், சில கூரைத் துண்டுகள், வேறு செட்டுகளின் சக்கரங்கள், தலையில்லாத ஒரு பொம்மை மனிதன் எனக் கலந்துகிடக்கும் குவியலாகவே அது நம் கைக்கு வருகிறது. அத்தகைய குவியலிலிருந்து 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் வெளிவந்த நகர வீடுகளில் ஒன்றை, எடுத்துக்காட்டாக 1982-இல் வந்த 6372 என்ற எண்ணுள்ள டவுன் ஹவுஸை, மீட்டெடுக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். அந்தக் காலத்துக் கட்டைகளையே கொண்டு, அவற்றின் வயதை அழிக்காமல் கட்டுவதுதான் சரியான மீட்பு என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பரிந்துரைகள் அனைத்தும் அந்தக் கருத்தைச் சார்ந்தவை.

முதலில் எதையும் பிரிக்காதீர்கள். ஒட்டியிருக்கும் சுவர்ப் பகுதிகளை நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சன்னல் எத்தனையாவது வரிசையில் தொடங்குகிறது என்பதை, கையேடு கிழிந்துபோயிருந்தாலும், அந்தச் சுவரே காட்டிக்கொடுக்கும். பிறகு பிரிப்பதற்குக் கத்தியையோ பற்களையோ பயன்படுத்தாமல், கட்டைகளைப் பிரிப்பதற்கென்றே விற்கப்படும் நெம்புகோலைப் பயன்படுத்துங்கள். விளிம்பில் ஒருமுறை விழுந்த பல்தடம் எத்தனை கழுவினாலும் போகாது.

பிரித்தவற்றை நிறவாரியாகப் பிரித்துவைக்கத் தோன்றும். ஆனால் வடிவவாரியாகப் பிரிப்பதே நல்லது. வெள்ளைக் குவியலுக்குள் ஒரு சிறிய வெள்ளைத் துண்டைத் தேடும் கண் விரைவில் சலித்துவிடும். ஒரே வடிவத் துண்டுகளுக்கிடையே தேவையான நிறம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கட்டையின் மேல் எழும்பி நிற்கும் குமிழ்களில் நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவை பெரும்பாலும் வேறு தயாரிப்புகளின் கட்டைகள். பல துண்டுகளின் அடியில் வார்ப்பு எண்ணும் இருக்கும். இரண்டுக்கு நான்கு குமிழ்கள் கொண்ட கட்டை 3001, இரண்டுக்கு இரண்டு 3003, ஒன்றுக்கு நான்கு 3010 என்ற எண்களை அறிந்துவைத்தால், பிரிக்லிங்க், ரீபிரிக்கபிள் போன்ற தளங்களில் உங்கள் செட்டின் துண்டுப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். விடுபட்டவற்றை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பாதி கட்டிய பிறகு தெரியவந்தால் மறுபடியும் பிரிக்க நேரிடும்.

கழுவுவதற்கு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெதுவெதுப்பான நீரும், பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளும் போதும். சலவை இயந்திரமும் கொதிநீரும் வேண்டாம். ஊறவைத்த பின் மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் குமிழ்களைச் சுற்றித் தேய்த்தால், ஒவ்வொரு குமிழின் அடியிலும் வளையமாகப் படிந்திருக்கும் கறுப்பு அழுக்கு கரைந்து வரும். ஸ்டிக்கர் ஒட்டிய துண்டுகளை நீரில் போடாமல் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கழுவியவற்றை உதறி, உள்குழாய்களில் நீர் தேங்காதபடி திறந்த பக்கம் கீழே இருக்குமாறு பருத்தித் துணியில் பரப்பி, நிழலில் உலர்த்துங்கள். 1963-க்கு முன் செய்யப்பட்ட கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. அவை காலப்போக்கில் வளைந்து, மற்றவற்றோடு சரியாகப் பொருந்தாது. குவியலில் அப்படி ஏதேனும் இருந்தால் தனியே எடுத்துவைத்து, வெந்நீரிலிருந்து விலக்கிவையுங்கள்.

மஞ்சளித்துப்போன வெள்ளைச் சுவர்கள்தாம் பலருக்கும் பெருங்கவலை. பின்னாளில் பயன்படுத்தப்பட்ட ஏபிஎஸ் பிளாஸ்டிக், வெயிலின் புற ஊதாக் கதிராலும் வெப்பத்தாலும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து நிறம் மாறுகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 முதல் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் கட்டைகளை மூழ்கவைத்து, கண்ணாடிப் பாத்திரத்தோடு வெயிலில் வைத்தால் வெண்மை கணிசமாகத் திரும்பும். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். வெளியேறும் வாயுவின் அழுத்தம் கூடாதபடி மூடியை இறுக்காமல் விடுங்கள். சற்று நேரத்தில் உள்குழாய்களில் குமிழிகள் சேர்ந்து கட்டைகளை மேலே தூக்கும். திரவத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி திட்டுத்திட்டாக வெளுக்கும் என்பதால், அவ்வப்போது அழுத்திக் கிளறிவிட வேண்டும். அச்சிட்ட துண்டுகளையும் ஸ்டிக்கர் உள்ளவற்றையும் இதில் போடக் கூடாது. இப்படி வெளுத்தவை மீண்டும் மஞ்சளிக்கக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். மிகவும் பழுப்பேறிய சில கட்டைகளுக்கு மட்டும் இதைச் செய்துவிட்டு, இலேசாக மஞ்சளித்தவற்றைப் பின்சுவருக்கு ஒதுக்குவதையே நான் விரும்புகிறேன். முகப்பு ஒரே சீரான வெண்மையில் இருந்தால் வீடு நிமிர்ந்து நிற்கும். பின்பக்கத்து மஞ்சளில் ஒரு குறையும் இல்லை.

விடுபட்ட துண்டுகளை வாங்கும்போது நிறத்தில் மிகுந்த கவனம் தேவை. 2004-ஐ ஒட்டி லெகோ தன் சாம்பல் நிறங்களையும் பழுப்பையும் மாற்றிவிட்டது. பழைய சாம்பலில் இலேசான மஞ்சள் சாயல் இருக்கும். புதியது நீலம் கலந்தது. இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு உடனே கண்ணில் படும். ஆகவே பழைய சாம்பல் என்று விற்பனையாளர் தெளிவாகக் குறிப்பிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். கீல் துண்டுகளை இரண்டாகவே வாங்கிவைப்பது நல்லது, ஏனெனில் அக்காலத்துக் கீல்களின் மெல்லிய விரல்கள் எளிதில் முறிந்துவிடும்.

கட்டும்போது பழைய கையேட்டுக்கு இன்றைய கையேட்டைவிடக் கூடுதல் பொறுமை வேண்டும். இந்தப் படியில் இன்னின்ன துண்டுகள் என்று கட்டம்போட்டுக் காட்டும் வழக்கம் அப்போது இல்லை; ஒரே படியில் பல துண்டுகள் சேர்ந்துவிடும். முந்தைய படத்தையும் அடுத்த படத்தையும் ஒரு மூலையிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக ஒப்பிடுங்கள். ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ., தட்டு எனப்படும் மெல்லிய துண்டின் உயரம் 3.2 மி.மீ.; மூன்று தட்டுகள் ஒரு கட்டைக்குச் சமம். சுவரின் இரு முனைகளும் ஒரே உயரத்தில் வராவிட்டால் எங்கோ ஒரு தட்டு விடுபட்டிருக்கிறது என்று இதைக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். மூலைகளில் கட்டைகள் மாறிமாறிப் பிணைய வேண்டும். நேர்கோட்டில் இணைப்புகள் அமைந்தால் வீட்டைத் தூக்கும்போது சுவர் பிளக்கும். மெல்லிய அடித்தட்டு வளையாமல் இருக்க, கட்டி முடிக்கும்வரை அதைச் சமமான பலகைமேல் வைத்திருங்கள்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 1970, 80-களின் சில சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக் துண்டுகளில் காட்மியம் கலந்த நிறமிகள் பயன்படுத்தப்பட்டன. அவற்றை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இந்த வீட்டை வையுங்கள். அந்த இடம் சன்னல் வெயில் படாததாகவும் இருக்கட்டும். மீந்த துண்டுகளையும் மாற்றுக் கீல்களையும் செட் எண் எழுதிய ஒரு ஜிப் உறையில் போட்டு, கையேட்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.